ஏஜெண்டின் படிப்பும் ஏழையின் பணமும்

ஆயுள் இன்ஷியூரன்ஸ் என்ற சரக்கைக் கண்ணால் பார்த்து வாங்க முடியாது. பட்டுப் புடவை வாங்குகிறவர் முந்தானையை விரித்துப் பார்க்கலாம். சரிகையைச் சோதித்துப் பார்க்கலாம். குறை இருந்தால் மறுநாளே கடைக்குத் திரும்பி வந்து சண்டையிடலாம். பாலிஸி வாங்குகிறவரோ இருபது வருஷம் பணம் கட்டுகிறார். சரக்கு நல்லதா, கெட்டதா என்று ருசுவாகும் நாளில் பெரும்பாலும் அவர் உயிரோடிருப்பதில்லை. அவருடைய மனைவியே காகிதத்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஆபீஸின் வாசற்படியில் நிற்கிறாள்.

ஆகவே, இவ்வியாபாரம் முழுவதும் ஒருவருடைய சொல்லை நம்பியே நடைபெறுகிறது. அவர்தாம் ஏஜெண்டு. முசரவாக்கம் முதலாகக் காஞ்சியைச் சூழ்ந்துள்ள சிற்றூர்களில் கம்பெனியின் டைரெக்டர்களை எவரும் கண்டதில்லை. சட்டப் புஸ்தகத்தை எவரும் பிரித்ததில்லை. ஏஜெண்டு அடுத்த தெருக்காரராகவோ உறவின் முறையாராகவோ இருப்பார். அவர் சொல்வதே கம்பெனியின் வாக்கு; அவர் அறிந்ததே சட்டம். மனுப் பாரத்தில் தமிழில் கையெழுத்திடும் குடியானவருக்கு அதிலுள்ள விஷயங்களை அவருடைய பாஷையிலேயே விளக்கிச் சொன்னதாக ஒரு வாக்குமூலம் எழுதும் இடம் உண்டு. அந்த வாக்குமூலம் உண்மையா, பொய்யா என்பதில் ஒரு குடும்பத்தின் கதி அடங்கியிருக்கிறது.

இத்தகைய ஏஜெண்டு, தொழிலுக்குள் நுழைந்த பிறகும் காலத்துக்குக் காலம் படித்துத் தேற வேண்டுமா, அல்லது ஒருமுறை எழுதிய பரீட்சையே ஆயுள் முழுவதும் போதுமா என்பது நாம் இன்று எடுத்துக்கொண்ட கேள்வி. ராஜீய வேலையில் ஈடுபட்டிருக்கும் அன்பர்களுக்கு இது சில்லறை விஷயமாகத் தோன்றலாம். ஏழை ஜனங்களின் சேமிப்பைக் காப்பது சில்லறை விஷயமென்று நாம் ஒப்புவதற்கில்லை.

சுதேசியம் வளர்த்த தொழில்

இன்ஷியூரன்ஸ் நம் நாட்டில் அந்நியர் கையில் பிறந்தது. 1818-ம் வருஷம் கல்கத்தாவில் தோன்றிய ஓரியண்டல் கம்பெனி ஐரோப்பியக் குடும்பங்களை முன்னிட்டே ஏற்பட்டது. இந்தியரின் உயிருக்கு அதிகப் பிரீமியம் விதித்த காலம் அது. சாதாரண விகிதத்திலேயே இந்தியரை இன்ஷியூர் செய்வதென்று 1870-ல் பம்பாய் மியூச்சுவல் சங்கம் தோன்றியது. பின்பு சுதேசிய இயக்கம் எழுந்தபோது, 1906-ல் சென்னையில் யுனைடெட் இந்தியாவும், கல்கத்தாவில் நேஷனலும், லாகூரில் கோவாப்பரேடிவ் கம்பெனியும் நிறுவப்பட்டன. சுதேசிக் கப்பலுக்குப் பங்குப் பணம் திரட்டிய அதே வருஷத்தில், அதே உணர்ச்சியால், இந்தியரின் பணம் இந்தியரிடமே தங்க வேண்டுமென்று இக்கம்பெனிகளும் பிறந்தன என்பதை இளைஞர்கள் நினைவில் வைத்துக் கொள்ள வேண்டும்.

நல்லவற்றுடன் கள்ளக் கம்பெனிகளும் முளைத்தன. அவற்றை அடக்கவே 1938-ம் வருஷத்து இன்ஷியூரன்ஸ் சட்டம் பிறந்தது. அதன் 42-வது பிரிவு ஏஜெண்டுக்கு லைசென்ஸ் வேண்டுமென்றது. 41-வது பிரிவு கமிஷனில் ஒரு பங்கை வாடிக்கைக்காரருக்குத் தள்ளிக் கொடுத்து ஆள் பிடிப்பதைத் தடுத்தது. சுதந்திரத்துக்குப் பின் 1956-ல் 154 இந்தியக் கம்பெனிகளும், 16 அந்நியக் கம்பெனிகளும், 75 பிராவிடெண்டு சங்கங்களும் தேச உடைமையாகி, அவ்வருஷம் செப்டம்பர் 1-ந் தேதி ஆயுள் இன்ஷியூரன்ஸ் கார்ப்பரேஷன் ஏற்பட்டது. 1999-ம் வருஷத்துச் சட்டத்தால் தனியாருக்கு மீண்டும் கதவு திறந்தது.

கதவு திறந்தபோது ஸர்க்கார் ஒரு நல்ல காரியமும் செய்தனர். 2000-ம் வருஷத்து விதிகளின்படி, ஐயாயிரம் ஜனத்தொகைக்கு மேற்பட்ட ஊர்களில் வசிக்கும் ஏஜெண்டு பன்னிரண்டாம் வகுப்பும், சிற்றூர்களில் வசிப்பவர் பத்தாம் வகுப்பும் தேறியிருக்க வேண்டும். 100 மணி நேரப் பயிற்சி பெற வேண்டும். பரீட்சையில் தேற வேண்டும். லைசென்ஸ் மூன்று வருஷத்துக்குத்தான். புதுப்பிக்க வேண்டுமானால் மறுபடியும் 25 மணி நேரம் படித்தாக வேண்டும். ஏஜெண்டின் படிப்பு ஒருநாளும் முடிவதில்லை என்ற கொள்கை அன்று முதன்முதலாக நம் விதிப் புஸ்தகத்தில் ஏறியது.

அக்கொள்கை நெடுநாள் நிலைக்கவில்லை. 2007-ல் முதற் பயிற்சி 100 மணியிலிருந்து 50 மணியாகக் குறைந்தது. 2015-ம் வருஷத்துத் திருத்தச் சட்டம் ஸர்க்கார் அதிகாரசபை ஏஜெண்டுக்கு லைசென்ஸ் தரும் முறையையே நீக்கி, கம்பெனிகளே அவரை நியமித்துக் கொள்ளட்டும் என்று விட்டது. 2016 ஏப்ரல் 1 முதல் அமுலுக்கு வந்த நியமன விதிகளில் பரீட்சை இருந்தது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வரும் புதுப்பித்தல் இல்லை. அதனுடன் சேர்ந்த 25 மணிப் படிப்பும் இல்லை. பயிற்சி அந்தந்தக் கம்பெனியின் டைரெக்டர்கள் வகுக்கும் கொள்கைக்கு ஒப்படைக்கப்பட்டது. லைசென்ஸ் போயிற்று, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு மறுபடிப்பும் போயிற்று.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. பாங்கில் மேஜைக்குப் பின்னால் அமர்ந்து இன்ஷியூரன்ஸ் விற்கும் உத்தியோகஸ்தருக்கு 2015-ம் வருஷத்து வேறொரு விதி 50 மணிப் பயிற்சியும், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை 25 மணி மறுபயிற்சியும் விதித்தது. பாங்குக்கு நடந்து செல்பவர் பெரும்பாலும் எழுத்தறிந்தவர். நாலு பேரைக் கேட்கத் தெரிந்தவர். குழித்தறியில் கால் வைத்தபடியே ஏஜெண்டின் பேச்சைக் கேட்கும் நெசவாளருக்கு அந்த வசதியில்லை. அதிகப் பாதுகாப்பு எவருக்கு வேண்டுமோ, அவருக்கே குறைந்த பாதுகாப்பு கிடைத்தது.

ஒரு வரியின் விலை

மறுபடிப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு திருஷ்டாந்தம் சொல்வோம். பாலிஸியில் நாமினியின் பெயர் எழுதும் இடம் ஒரே வரிதான். அவ்வரியைப் பற்றிய சட்டம் மாறிய கதையைக் கேளுங்கள்.

நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் கைதான், பணம் வாரிசுகளுக்கே சொந்தம் என்று ஸுப்ரீம் கோர்ட்டு தீர்மானித்த தீர்ப்பு 1984-ம் வருஷத்துச் சட்ட அறிக்கைகளில் வெளியாயிற்று. முப்பது வருஷ காலம் ஏஜெண்டுகள் அதையே கற்றனர். அதையே சொல்லி வந்தனர். ‘யார் பெயர் இருந்தால் என்ன, பங்கு எல்லோருக்கும் உண்டு’ என்று அவர்கள் சொன்னது அன்று சரியே. 2015-ம் வருஷத்துத் திருத்தம் 39-வது பிரிவை மாற்றியது. பெற்றோரையோ, மனைவி அல்லது கணவனையோ, குழந்தைகளையோ நாமினியாக எழுதினால், அவர்கள் பணத்துக்கு அநுபோக உரிமையே பெறுவர் என்று அது கூறிற்று. அதற்குப் பின் பணம் கொடுக்க வேண்டிவரும் பழைய பாலிஸிகளுக்கும் இது பொருந்தும்.

கலியாணத்துக்கு முன் பாலிஸி எடுக்கும் வாலிபன் தாயாரின் பெயரையே எழுதுகிறான். பின்பு மணம் முடிகிறது, குழந்தை பிறக்கிறது, பெயர் மாற்ற வேண்டுமென்ற நினைவு அவனுக்கு வருவதில்லை. அவன் இறந்தால் பணம் யாருக்கு? இப்படிப்பட்ட வழக்கொன்று கர்நாடக ஹைகோர்ட்டுக்கே வந்தது. தாயார் ஒருபுறம், விதவையும் குழந்தையும் மறுபுறம். புதிய பிரிவு வாரிசுச் சட்டத்தை மீறவில்லை, மூவருக்கும் மூன்றிலொரு பங்கு உண்டு என்று 2025-ல் அக்கோர்ட்டு தீர்ப்பளித்தது. இவ்விஷயத்தில் எல்லா ஹைகோர்ட்டுகளும் ஒரே அபிப்பிராயம் கொள்ளவில்லை. ஆகையால் நாளை வேறொரு மாகாணத்தில் வேறொரு விதவை தோற்கவும் கூடும். வென்றவளும் கோர்ட்டு வாசலில் எத்தனையோ நாள் காத்திருந்துதான் வென்றாள். மாமியாரும் மருமகளும் எதிர்க்கட்சிக்காரராக நின்ற அந்தக் கொடுமையைத் தடுக்க என்ன தேவைப்பட்டது? ‘தம்பி, கலியாணம் ஆயிற்றே, நாமினி பெயரை யோசித்துப் பார்த்தாயா?’ என்று கேட்கத் தெரிந்த ஓர் ஏஜெண்டும், ஒரு பாரமும் போதும். கேட்கத் தெரிய வேண்டுமானால், சட்டம் மாறியது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொரு திருஷ்டாந்தம். காஞ்சிப் பிரதேசத்தில் மாஸ்டர் வீவரிடம் முன்பணம் வாங்காத நெசவுக் குடும்பம் அரிது. வீட்டுத் தலைவர் இறந்தால் கடன்காரரின் கண் முதலில் இன்ஷியூரன்ஸ் பணத்தின் மேல்தான் விழும். விவாகமான ஸ்திரீகளின் சொத்துரிமையைப் பற்றி 1874-ல் இயற்றிய சட்டத்தின் 6-வது பிரிவு இதற்கு ஒரு மார்க்கம் வைத்திருக்கிறது. மனைவி மக்களின் நன்மைக்கென்று குறிப்பிட்டுப் பாலிஸி எடுத்தால், அது அவர்களுக்கான டிரஸ்டு ஆகிவிடும். கடன்காரரை மோசம் செய்யும் எண்ணத்துடன் எடுத்ததென்று ருசுவானாலொழிய அவர்கள் அதைத் தொட முடியாது. சென்னை மாகாணத்து ஹிந்துக்களுக்கு இந்த உரிமை 1913-ம் வருஷக் கடைசியிலிருந்தே உண்டு. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட இந்த உரிமையைப் பற்றி நம் கிராமங்களில் எத்தனை பேருக்கு ஏஜெண்டு சொல்லியிருக்கிறார்?

மற்ற மாறுதல்களும் கொஞ்சமல்ல. மூன்று வருஷம் கடந்த ஆயுள் பாலிஸியை எக்காரணம் காட்டியும் கம்பெனி மறுக்கலாகாது என்று 45-வது பிரிவு 2015-ல் திருந்தியது. அந்த மூன்று வருஷத்துக்குள் உண்மையை மறைத்தது வெளிப்பட்டால் பாலிஸிக்கே ஆபத்து. ‘சர்க்கரை வியாதி இருப்பதை எழுத வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று அசட்டையாகச் சொல்லும் ஏஜெண்டு ஒரு குடும்பத்தை நடுத்தெருவில் நிறுத்துகிறார். பாலிஸியைப் படித்துப் பார்த்துப் பிடிக்காவிட்டால் திருப்பித் தரும் கெடு 15 நாளாக இருந்து, 2024-ல் 30 நாளாயிற்று. வைத்திய இன்ஷியூரன்ஸில் முன்னரே இருக்கும் நோய்க்குக் காத்திருக்கும் உச்ச காலம் 4 வருஷத்திலிருந்து 3 வருஷமாக அதே வருஷம் குறைந்தது. ஒரு வருஷப் பிரீமியம் கட்டி நிறுத்தியவருக்கும் ஏதேனும் ஒரு தொகை திரும்பும்படி 2024 அக்டோபர் முதல் விதி வந்தது. தனி நபரின் ஆயுள், வைத்திய பாலிஸிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. வரி நீங்கிற்று. பத்து வருஷத்துக்குள் இத்தனை! 2014-ல் பரீட்சை தேறி, அதற்குப் பின் புஸ்தகத்தைத் தொடாத ஏஜெண்டு, நேர்மையாளராகவே இருந்தாலும், மேற்கண்ட ஒவ்வொரு விஷயத்திலும் தவறான புத்திமதியே சொல்வார். அவர் பொய்யரல்லர், பழைய சட்டத்தில் வாழ்பவர்.

பிற தேசங்களின் வழக்கம்

ஐரோப்பிய யூனியன் 2016-ல் பிறப்பித்து 2018 அக்டோபரில் அமுலுக்குக் கொண்டுவந்த கட்டளையின்படி, இன்ஷியூரன்ஸ் விற்பவர் ஒவ்வொருவரும் வருஷத்துக்குக் குறைந்தது 15 மணி நேரம் படித்தாக வேண்டும். ஹாங்காங்கிலும் 2021 முதல் 15 மணிக் கணக்கு வந்தது. அமெரிக்காவின் ராஜ்யங்கள் பெரும்பாலானவற்றில் இரண்டு வருஷத்துக்கு 24 மணிப் படிப்பு. அதில் 3 மணி தொழில் ஒழுக்கத்துக்கென்றே ஒதுக்கப்பட்டது. நம் நாட்டிலும் வைத்தியர்களுக்கு 2002-ம் வருஷத்து ஒழுக்க விதிகள் ஐந்து வருஷத்துக்கு 30 மணி என்று வகுத்தன. முதலாளித்துவத்தின் தாய்வீடுகளிலேயே கூச்சமின்றி விதித்திருக்கும் ஒரு கட்டுப்பாட்டை, பொதுநலம் பேசும் நாம் கைவிட்டது வியப்பே.

ஆட்சேபங்கள்

‘கட்சிக்காரருக்குச் சட்டம் சொல்லும் வக்கீலுக்கு இந்தக் கட்டாயம் உண்டா?’ என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. இந்தியாவில் வக்கீலுக்கு இப்படி ஒரு கட்டாயம் ஏற்படவில்லை. ஏற்பட வேண்டுமென்பதே நமது அபிப்பிராயம். ஆயினும் ஒரு வித்தியாசம் உண்டு. வக்கீலின் அறியாமையை எதிர்க்கட்சி வக்கீல் திறந்த கோர்ட்டில் அன்றைக்கே வெளிப்படுத்தி விடுவார். ஜட்ஜும் விட மாட்டார். தறிக்கூடத்துத் திண்ணையில் ஏஜெண்டு சொல்வதை மறுத்துரைக்க எதிர்க்கட்சி இல்லை, ஜட்ஜும் இல்லை.

‘ஏஜெண்டின் குற்றத்துக்குக் கம்பெனியே பொறுப்பு, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு என்று 2015-ம் வருஷத்துச் சட்டமே கூறியிருக்க, வேறென்ன வேண்டும்?’ என்பது இரண்டாவது ஆட்சேபம். அபராதம் கஜானாவுக்குப் போகும். விதவையின் அடுப்புக்கு வராது. நோய் வந்த பிறகு அபராதம் விதிப்பதைவிட, நோய் வராமல் தடுப்பதே அரசாட்சிக்கு அழகு.

மூன்றாவது ஆட்சேபம் கனமானது. 100 மணிப் படிப்பும் 25 மணி மறுபடிப்பும் அமுலிலிருந்த காலத்திலேதானே பங்குச் சந்தையோடு பிணைத்த பாலிஸிகளைத் தலையில் கட்டி ஜனங்களை ஏமாற்றினார்கள்? உண்மை. 2004-05 முதல் 2011-12 வரை இத்தகைய தவறான விற்பனையால் பாலிஸிதாரர்கள் அடைந்த நஷ்டம் சுமார் ஒன்றரை லட்சம் கோடி ரூபாய் என்று மோனிகா ஹாலன், ரேணுகா சானே, ஸூஸன் தாமஸ் ஆகியோர் 2013-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில் மதிப்பிட்டனர். ஆனால் இதிலிருந்து படிப்பு வீண் என்ற முடிவு கிடைக்காது. விற்பவனே உபாத்தியாயராக அமர்ந்தால், விற்கும் வித்தையே பாடமாகும் என்பதுதான் கிடைக்கும். கமிஷன் ஒருபுறம் இழுக்கும்போது, வெறும் மணிக்கணக்கு மறுபுறம் நின்று தடுக்க முடியாது. படிப்பு வேண்டும், கற்பிப்பவர் கம்பெனியின் சம்பளக்காரராக இராமலிருக்கவும் வேண்டும்.

‘ஏஜெண்டும் ஏழைதானே, அவர் கூலியை விட்டு வகுப்பில் உட்கார முடியுமா?’ என்பது கடைசிக் கேள்வி. கார்ப்பரேஷன் ஒன்றுக்கே 2024 மார்ச்சு இறுதியில் 14 லட்சத்துக்கு மேற்பட்ட ஏஜெண்டுகள் இருந்தனர். அவர்களில் மிகப் பலர் வேறு பிழைப்பும் உடையவர்கள். சொற்பக் கமிஷனுக்கு வெயிலில் அலைபவர்கள். அவர்களைப் பகைவராக எண்ணுவது அநியாயம். படிப்பின் செலவை அவர்கள் தலையில் போடுவதும் அநியாயம். பிரீமியத்தால் லாபமடையும் கம்பெனிகளே அச்செலவை ஏற்க வேண்டும்.

செய்ய வேண்டியது

நாம் கோருவது பெரிய புரட்சியன்று. பாங்கு உத்தியோகஸ்தருக்கு விதித்த 25 மணி மறுபடிப்பு, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை, ஏஜெண்டுக்கும் மீண்டும் வர வேண்டும். அதில் ஒரு பகுதி புதிய சட்டத்துக்கும், ஒரு பகுதி தொழில் ஒழுக்கத்துக்கும் கண்டிப்பாக ஒதுக்கப்பட வேண்டும். பாடம் தமிழில் நடைபெற வேண்டும். பரீட்சையைத் தமிழில் எழுத விட்டுவிட்டு, பாடத்தை இங்கிலீஷில் நடத்துவதில் பயனில்லை. 1955-ல் ஏற்பட்ட இன்ஷியூரன்ஸ் கல்விக் கழகம் போன்ற பொது ஸ்தாபனங்களும், ஸர்க்கார் கலாசாலைகளும் கற்பிக்கட்டும். காஞ்சியில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் கூடங்கள் உண்டு. மாலை நேரத்தில் அங்கேயே வகுப்பு நடத்தலாம். ஏஜெண்டு கடைசியாகப் படித்துத் தேறிய தேதி அவருடைய அடையாளச் சீட்டிலேயே அச்சிடப்பட வேண்டும். எவரும் கேட்டுப் பார்க்கலாம்.

காஞ்சிக்கு இது புதிய பாடமன்று. கதம்ப வமிசத்தை நிறுவிய மயூரசர்மன், வேதம் கற்ற குடியில் பிறந்தும், மேலும் கற்க வேண்டிக் காஞ்சியின் கடிகைக்குத் தன் குருவுடன் வந்தான் என்று தாளகுண்டா கல்வெட்டு கூறுகிறது. கற்றவனும் மறுபடி கற்க வரும் ஊர் இது. நமது தறிக்கூடங்களிலும், புதிய கோர்வை வேலை வந்தால் முப்பது வருஷம் நெய்த கையும் புதிதாகக் கற்றே பாவில் இறங்குகிறது. புடவைக்கு உள்ள மரியாதை ஒரு குடும்பத்தின் ஜீவனத்துக்கு இல்லாமற் போகலாமா?

தேசத் தொண்டில் ஈடுபட்ட அன்பர்களுக்கு நமது வேண்டுகோள் மூன்று. முதலாவது, ஹைதராபாத்திலுள்ள இன்ஷியூரன்ஸ் அதிகாரசபைக்கும், நம் பார்லிமெண்டு அங்கத்தினர்களுக்கும் இக்கோரிக்கையை ஒவ்வொரு சங்கத்தின் தீர்மானமாகவும் அனுப்புங்கள். இரண்டாவது, நெசவாளர் சங்கக் கூட்டங்களில் நாமினி விஷயத்தையும், மனைவி மக்களின் பெயரால் எடுக்கும் பாலிஸியையும், முப்பது நாள் கெடுவையும் பத்து நிமிஷம் எடுத்துச் சொல்லுங்கள். மூன்றாவது, உங்கள் வீட்டுப் பெட்டியிலுள்ள பாலிஸியை இன்றிரவே எடுத்து, அந்த ஒரு வரியில் யாருடைய பெயர் இருக்கிறதென்று பாருங்கள். பார்த்துவிட்டு, உங்கள் ஏஜெண்டைக் கூப்பிட்டு, ‘ஐயா, தாங்கள் கடைசியாகப் படித்தது எப்போது?’ என்று மரியாதையாகக் கேளுங்கள். ஜனங்கள் கேட்கத் தொடங்கினால் கம்பெனிகள் கற்பிக்கத் தொடங்கும். ஸர்க்காரும் விதியைத் திரும்பக் கொண்டுவரக் கடமைப்படுவர்.